எந்த வருஷத்து வெள்ளாமை?

காவிரிப் படுகையில் ஒருவர் முன்னுக்கு வந்த கதை பேசப்படும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாரேனும் ஒருவர் 'அது எந்த வருஷம்?' என்று குறுக்கிட்டுக் கேட்பது பழைய வழக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய தஞ்சை ஜில்லாவில், டீக்கடைப் பெஞ்சிலும் முடிதிருத்தும் கடையிலும், நெல் கொள்முதல் நிலையத்தில் முறைக்குக் காத்திருக்கும் மூட்டைகளின் மேலும் அமர்ந்து மனிதர்கள் போகிறபோக்கில் சொல்லும் கருத்துகளுக்கு எழுத்துலகில் பெரிய மதிப்பு இருந்ததில்லை. அவை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கப்படுகின்றன, இல்லையேல் ஒரு சிறுகதைக்கு ஊர்மணம் சேர்த்துவிட்டு மறக்கப்படுகின்றன. ஆனால் யார் எதனால் வென்றார், யார் எதனால் விழுந்தார் என்ற கேள்விக்கு ஒரு சமூகம் தன் விடைகளைச் சேமித்துவைப்பது இந்தப் பேச்சில்தான் என்பதால், வணிகத்தைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் அன்றாடப் பிழைப்பைப் பற்றியும் அது சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது வீண்வேலை ஆகாது. ஆளைப் புகழ்வதற்கு முன் காலத்தை அளந்துகொள்ளும் பழக்கம் அந்தச் சிறிய கேள்விக்குள் இருக்கிறது. அது மதிக்கத்தக்க பழக்கம். ஆயினும் அது நெடுங்காலம் அளக்காமலே விட்டுவந்த ஒன்றும் உண்டு.

வருஷம் கேட்கும் வழக்கம் நெல்லிலிருந்து வந்தது. மேட்டூர் அணை 1934-இல் பாசனத்துக்குப் பயன்படத் தொடங்கிய பின், ஜூன் 12 அன்று மதகைத் திறப்பதும் ஜனவரி 28 அன்று அடைப்பதும் முறையாயின. இந்த இரண்டு தேதிகளை நம்பியே படுகையின் மூன்று பட்டங்களும், அதாவது நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும் குறுவையும், தை அறுவடைக்கு வரும் நெடும்பயிரான சம்பாவும், குறுவை அறுத்த வயலிலேயே மறுபடி நடப்படும் தாளடியும், திட்டமிடப்படுகின்றன. 2012 முதல் 2019 வரை 8 ஆண்டுகள் தொடர்ச்சியாக ஜூன் 12 தவறிப்போனது. 2020-இல் அந்தத் தேதி மீண்டும் வாய்த்தது. 2022-இல் மே 24 அன்றே தண்ணீர் திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆற்று நீரும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேரக் கைவிட்ட 2016-இல் ஒரு விவசாயி பட்ட பாட்டுக்குக் கிடைத்ததும், அதே மனிதர் அதே வயலில் 2022-இல் பட்ட பாட்டுக்குக் கிடைத்ததும் ஒன்றாக இருக்க வழியில்லை. விலையிலும் அவருக்குப் பிடி குறைவு. நெல்லின் விலையை அரசு அறிவிக்கிறது; கொள்முதலுக்கு வரும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி; குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒரே வாரத்தில் சந்தித்துக்கொண்டால், களத்தில் கிடக்கும் நெல் முளைவிடுவதை எந்தச் சாமர்த்தியமும் தடுக்காது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழமொழியை இந்த நிலத்தில் யாரும் புலம்பலாகச் சொல்வதில்லை. அது தெரிந்தே ஏர் பூட்டியவர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட உண்மை அது.

இதை விதிவாதம் என்று எண்ணுவது பெரிய பிழை. அதே பெஞ்சில் அமர்ந்திருப்பவர்கள், யார் வரப்பை வெட்டிச் சீர்படுத்துகிறார், யார் களையெடுப்பைத் தள்ளிப்போட்டுக் கெடுகிறார், யார் தண்ணீர் முறைக்கு நடுநிசியில் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போகிறார் என்பதையெல்லாம் துல்லியமாக அறிந்தவர்கள். உழைப்பை அவர்கள் மறுப்பதில்லை. உழைப்பு மட்டுமே விளைச்சல் என்பதைத்தான் ஏற்பதில்லை. ஆறு வறண்ட ஆண்டில் அரைக் கண்டுமுதல் கண்டவரை, வெள்ளமாகத் தண்ணீர் வந்த ஆண்டில் முழு மகசூல் எடுத்தவருக்கு மேலாக ஊர்ப்பேச்சு வைத்துப் பேசுவதுண்டு. கண்டுமுதல் என்பது அறுத்து அடித்துத் தூற்றியபின் கையில் நிற்கும் நெல்லின் அளவு. மூட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மனிதர்களை வரிசைப்படுத்தாத இந்த நுட்பத்தை, வெற்றியைப் பற்றி எழுதப்படும் தடித்த நூல்கள் பலவற்றில் காண முடிவதில்லை.

வணிகம் என்று வந்துவிட்டால் அந்த நுட்பம் சற்றே தளர்ந்துவிடுகிறது. கடை வைத்து வளர்ந்தவரைப் பற்றிய பேச்சில் கைராசி, கெட்டிக்காரத்தனம், நாணயம் என்ற மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கைராசி என்பது ஒருவர் தொட்டது துலங்கும் என்ற நம்பிக்கை. கெட்டிக்காரத்தனம் வாங்கும் இடத்தையும் விற்கும் நேரத்தையும் அறிந்த திறமை. நாணயம் சொன்ன வாக்கைக் காப்பது. மூன்றுமே ஆளுக்குள் இருப்பவை. வணிகர் தம் சரக்குக்குத் தாமே விலை சொல்கிறார் என்பதனால், அவருடைய வெற்றி முழுவதும் அவருக்கே உரியது என்ற எண்ணம் எளிதில் பிறக்கிறது. கும்பகோணத்தின் வங்கி வரலாறு இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க நல்ல களம்.

1904-இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கி இன்று சிட்டி யூனியன் வங்கியாக நாடெங்கும் கிளைகளோடு இருக்கும் நிறுவனம், இன்றளவும் தன் தலைமை அலுவலகத்தைக் கும்பகோணத்திலேயே வைத்திருக்கிறது. அதன் நீடிப்புக்குச் சிக்கனமும் எச்சரிக்கையும் காரணம் என்பது ஊரில் நிலவும் கருத்து, அது பொய்யில்லை. தொடங்கி 26 ஆண்டுகள் கழித்து, 1930-இல்தான் மன்னார்குடியில் தன் முதல் கிளையை அது திறந்தது என்ற ஒரு செய்தியே அந்த எச்சரிக்கைக்குப் போதிய சான்று. ஆனால் அது பிறந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து, மாகாணம் முழுவதும் பணம் போட்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயரே உறுதிப்பத்திரம் என்றிருந்த நம்பிக்கை அன்றோடு உடைந்து, அந்த அதிர்ச்சியின் விளைவாக 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. தெரிந்த ஊரில், தெரிந்த மனிதர்கள் நடத்தும் வங்கி என்பதற்கு அதற்கு முன் இல்லாத மதிப்பு பிறந்த ஆண்டுகள் அவை. மேலும், நெல் நாட்டில் பணம் தை மாதத்தில் வந்து சேர்கிறது, ஆடி மாதத்தில் தேவைப்படுகிறது; இடையிலுள்ள மாதங்களில் அதைக் காத்துத் தருவதற்கும், வராத ஆண்டில் முன்பணம் தருவதற்கும் ஒரு நிறுவனம் இருந்தாக வேண்டும் என்பதைப் படுகையின் பயிர்ச்சுற்றே வற்புறுத்தியது. அருகிலேயே, ஏறத்தாழ அதே காலச் சூழலில் வேர்விட்ட தஞ்சாவூர் வங்கி, பல பத்தாண்டுகள் இயங்கியபின் 1990-இல் இந்தியன் வங்கியோடு இணைக்கப்பட்டது. ஒன்று நிலைத்ததையும் மற்றொன்று கரைந்ததையும் கைராசிக் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். நிர்வாகம், கடன் கொடுத்த துறைகள், அந்தந்தக் காலத்து வங்கிக் கொள்கை ஆகியவற்றை அருகருகே வைத்துப் படிப்பது கடினம். ஊர்ப்பேச்சு இங்கே சுலபமான வழியில் போய்விடுகிறது. நெல்லுக்குக் கேட்ட கேள்வியை அது வங்கிக்குக் கேட்பதில்லை.

கடல் கடந்த பிழைப்பில் அந்தக் கேள்வி மறுபடி உயிர்பெறுகிறது. கூத்தாநல்லூர் சின்ன சிங்கப்பூர் என்று அழைக்கப்படுவதும், மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரங்களின் மாடிவீடுகளில் சிங்கப்பூரும் வளைகுடா நாடுகளும் சுவராக எழுந்து நிற்பதும் அனைவரும் அறிந்தவை. பர்மாவுக்கு 1920-களில் போனவர் சம்பாதித்து ஊரில் நிலம் வாங்கினார். அவரைப் பார்த்து 1940-இல் கப்பலேறியவர், ஜப்பானியப் படை நுழைந்தபின் 1942-இல் காடு மலை தாண்டிக் கால்நடையாகத் திரும்பியவர்களில் ஒருவரானார். இருவரில் பின்னவருக்குத் துணிச்சலோ உழைப்போ குறைவு என்று எந்தக் கிழவியும் சொன்னதில்லை. போன வருஷம் சரியில்லை என்றுதான் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பில் இருக்கும் நியாயமும் பரிவும் போற்றத்தக்கவை.

கும்பகோணத்தின் எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராமின் வாழ்க்கை இதே கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து தொடுகிறது. பட்டு நெசவை வாழ்வாகக் கொண்ட சௌராஷ்டிரச் சமூகத்தில் 1920-இல் பிறந்த அவர், ஜரிகை வணிகத்தில் செல்வத்தைக் கண்டவர். 'தேனீ' என்ற இலக்கியப் பத்திரிகையைக் கைப்பணம் போட்டு நடத்தியவர். பின்னாளில் வணிகத்தை இழந்து எழுத்தையே பிழைப்பாகக் கொண்டு வறுமையோடு மல்லாடியவர். 'காதுகள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 1993-இல் வந்தபோது அவருக்கு வயது 73. ஜரிகைக் கடைத்தெருவின் அளவுகோலால் அளந்தால் இது சரிவின் கதை. நெசவாளர் வாழ்வின் உள்ளறைகளை 'வேள்வித் தீ'யில் எழுதிவைத்த மனிதரின் கதையாகப் படித்தால் எதிர்த்திசையில் ஓடும் கதை. ஊர்ப்பேச்சு ஒரு வாழ்க்கையை ஒற்றை நேர்க்கோடாக நீட்டி, முனையில் நின்று மதிப்பெண் போடுகிறது என்பதும், பல கோடுகள் ஒரே வாழ்வில் எதிரெதிராக ஓட முடியும் என்பதை அது எளிதில் ஏற்பதில்லை என்பதும் அதன் உண்மையான குறைகள். இவற்றை மழுப்பிப் பயனில்லை.

ஆளை மட்டுமே அளக்கும் சிந்தனைக்கு எழுத்து வடிவில் பெரும் செல்வாக்கைத் தேடித்தந்தவர்களில் ஒருவரும் இந்தப் படுகையிலிருந்து வந்தவர்தான் என்பது கவனிக்க வேண்டியது. விளநகரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழில்முனைவோராகவும் விளங்கிய எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்', மனத்தின் உறுதியே வாழ்வை மாற்றும் என்ற செய்தியைத் தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான இளைஞர்களிடம் கொண்டுசேர்த்தது. சாதியும் வறுமையும் தலையில் அழுத்திய ஒரு தலைமுறைக்கு, உன்னால் முடியும் என்று ஒருவர் சொன்னதே பெரிய மூச்சாக இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிடுவது அறமாகாது. அவரே 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி நதிகளைப் பற்றியும் பொது வாழ்வைப் பற்றியும் பேசியதிலிருந்து, தனிமனித முயற்சி மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்று கொள்ளலாம். அவருக்குப் பின் வந்து இன்று கைப்பேசித் திரையில் நிமிடத்துக்கு ஒன்றாக ஓடும் வெற்றிப் பேச்சுகளில், பொது வாழ்வு உதிர்ந்துபோய்த் தனிமனிதன் மட்டுமே எஞ்சியிருக்கிறான். அதில் வருஷமே கிடையாது. தோற்றவன் போதிய அளவு விரும்பவில்லை என்பதே அதன் தீர்ப்பு. காவிரி வறண்ட ஆண்டில் கடனில் மூழ்கிய ஒருவரின் மகன் அந்தத் தீர்ப்பைக் கேட்டுத் தன் தந்தையைச் சோம்பேறி என்று எண்ணத் தொடங்குவானேயானால், அங்கே இழக்கப்படுவது சிறிய பொருளன்று.

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களைக் கடந்து போனது. கல்லணைக் கால்வாய் 1930-களில் தண்ணீர் கொண்டுவந்த இந்தப் பகுதியில், நெல்லின் நிச்சயமின்மையைக் கண்டு தென்னைக்கு மாறியவர்கள் பலர். அவர்களே ஊரின் முன்யோசனைக்காரர்கள் என்று பேசப்பட்டார்கள். தண்ணீரைக் கணக்குப் பார்த்து, கூலி ஆள் தட்டுப்பாட்டைக் கணக்குப் பார்த்து, மாதந்தோறும் வருமானம் தரும் மரத்தை வைத்தவர்களின் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வரவே 6, 7 ஆண்டுகள் ஆகும். வந்தபின் இரண்டு தலைமுறைக்குப் பலன் தரும். அப்படி வளர்ந்து நின்ற தோப்புகள் சில மணி நேரத்தில் வேரோடும் இடையில் முறிந்தும் சாய்ந்தன. அன்று மாலைக்குள், முன்யோசனை என்று பேசப்பட்டது பேராசை என்று பேசப்பட்டிருக்கலாம். முடிவைப் பார்த்துக் காரணத்தைத் திருத்தி எழுதுவது உலகெங்கும் மனிதப் பேச்சுக்கு உள்ள பழக்கம். ஆனால் படுகையில் பெரும்பாலும் அது நிகழவில்லை. சாய்ந்த தோப்புக்காரரைக் கண்டவர்கள், அவருடைய அறிவைப் பற்றி மறுவிசாரணை நடத்தாமல், மரத்தை அறுத்து அகற்ற ஆள் கிடைக்குமா, மறுகன்று எங்கே வாங்குவது என்று பேசினார்கள். நல்ல முடிவு எடுத்த ஒருவர் கெட்ட விளைவைச் சந்திக்க முடியும் என்பதை, நிகழ்தகவுக் கணிதம் கற்றவர்களும் தம் வாழ்வில் மறந்துபோகும் அந்த உண்மையை, நெல் விளைவிப்பவர்கள் பாடமாகப் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

அந்தப் புயல் அடித்து மூன்று வாரம் நிறைவதற்குள், டிசம்பர் 6 அன்று, ஆதிரெங்கம் ஊரின் நெல் ஜெயராமன் மறைந்தார். மரபு நெல் வகைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து 174 வகைகளை மீட்டவர் அவர். 2006 முதல் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில், ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் இலவசமாகத் தரப்படும். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ வேறு இருவருக்குப் போகும். இதை எந்தத் தொழில் அகராதியின்படியும் லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் விதை பெருகியது, அதை வைத்திருப்பவர்களும் பெருகினார்கள், ஒரு வயல் வெள்ளத்தில் போனாலும் வகை அழியாது என்ற காப்பும் அதனோடு சேர்ந்து பெருகியது. அவருடைய வெற்றியைப் பேச வரும்போது மட்டும் ஊர்ப்பேச்சு கைராசியைத் துணைக்கு அழைக்கவில்லை. ஒருவரால் மட்டும் வெல்ல முடியாத வகையில் அமைக்கப்பட்ட ஒரு காரியத்துக்குக் கைராசி பொருந்தவும் பொருந்தாது.

இதுவரை சொன்ன ஊர்ப்பேச்சு யாருடையது என்பதைக் கேட்டாக வேண்டும். டீக்கடைப் பெஞ்சுக்கு முன் திண்ணை இருந்தது. திண்ணையில் உட்காரும் உரிமை எல்லோருக்கும் இருந்ததில்லை. மிராசுதார், அதாவது பரம்பரை நிலவுரிமை உடையவர், திண்ணையில் அமர்ந்து மகசூலைப் பேசினார். பண்ணையாள், அதாவது தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு உழைத்தவர், வாசலுக்கு வெளியே நின்று கேட்டார். 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அந்த உறவுக்குள் அரசு கை வைக்கவில்லை. 1960-இல் தீவிர வேளாண்மைத் திட்டம் இந்த மாவட்டத்தில் தொடங்கி, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் புதிய குறுகிய கால ரகங்களும் உரமும் கடனும் வந்து சேர்ந்தபோது, தஞ்சையின் விளைச்சல் நாடெங்கும் பேசப்பட்டது. எந்த வருஷம் என்று கேட்டால் அது மிக நல்ல வருஷம். அதே ஆண்டுகளில், அந்த நெல்லை நட்டு அறுத்தவர்கள் கூலியாகப் பெறும் நெல்லில் சிறிதளவு உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்டார்கள். அந்தப் போராட்டத்தின் நடுவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், பெரும்பாலும் தலித் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஆற்றில் வந்த தண்ணீரையும் வானத்தின் மழையையும் அவ்வளவு நுணுக்கமாக அளந்த பேச்சு, வயலில் இறங்கிய கைகளை அளக்கவில்லை. ஒருவருடைய வெற்றியில் இயற்கைக்கு உள்ள பங்கைப் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்ட சமூகம், பிற மனிதர்களுக்கு உள்ள பங்கைக் கணக்கில் சேர்க்கவே மறுத்தது. இயற்கை கூலி கேட்பதில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பெண்களின் பேச்சு இன்றும் பெஞ்சுக்கு வெளியேதான் இருக்கிறது. நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்து, படுகையின் நெல்லில் பெரும்பகுதியைக் கையால் வளர்த்தவர்கள் தங்கள் கருத்துகளைச் சொன்ன இடம் வயல் வரப்பு. இயந்திர நடவும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அந்த இடமும் சுருங்கி, நூறு நாள் வேலை நடக்கும் வாய்க்கால் கரைக்கு மாறியிருக்கிறது. அங்கே நடக்கும் வெற்றி தோல்விப் பேச்சில் வருஷம் கேட்கப்படுவதில்லை, வாரம் கேட்கப்படுகிறது. ஏனெனில் குழுக்கடனின் தவணை வாரந்தோறும் வருகிறது. குடும்பத்தில் யாருக்கும் சோறு குறையாமல் ஒரு தவணையைக் கட்டி முடிப்பது அங்கே மெய்யான சாதனையாகக் கருதப்படுகிறது. வணிக வெற்றியைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் இடம்பெறாத அந்தச் சாதனைக்கு, சிக்கனத்தை முதல் குணமாகப் போற்றும் ஒரு வங்கியின் வரலாற்றில் கொடுக்கப்படும் மதிப்பே கொடுக்கப்பட வேண்டும்.

விளையாட்டைப் பற்றிய பேச்சு, உழைத்த கைகளையும் பெண்களையும் விட்டுவிடும் இந்த இரண்டு குறைகளையும் சற்றே கடந்து நிற்கிறது என்பதால் அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். மும்முறைத் தாண்டுதல் என்னும் போட்டியில், ஓடிவரும் வீரரின் பின்னாலிருந்து வீசும் காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால், தாண்டிய தூரம் அந்தப் போட்டியில் செல்லும், சாதனையாகப் பதிவாகாது. ஓடுபாதை ஓரத்தில் இதற்கென ஒரு கருவி வைக்கப்பட்டு, ஒவ்வொரு தாண்டுதலுக்கும் அருகில் அதன் அளவு எழுதப்படுகிறது. காவிரிப் படுகையின் எளிய விவசாயக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த பிரவீன் சித்திரவேல், 2023 மே மாதம் கியூபாவின் ஹவானா நகரில் 17.37 மீட்டர் தாண்டி, ரஞ்சித் மகேஸ்வரியின் 17.30 மீட்டர் தேசியச் சாதனையைக் கடந்தார். அந்தத் தாண்டுதலுக்கு அருகில் எழுதப்பட்ட காற்றின் அளவு 1.5, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அதாவது காற்று முகத்துக்கு எதிரே வீசிக்கொண்டிருந்தது. உதவிய சூழல் எவ்வளவு, எதிர்த்த சூழல் எவ்வளவு என்பதை மனிதரின் முயற்சிக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கும் இந்த நேர்மை, மனிதச் செயல்களில் வேறு எதற்கும் இவ்வளவு தெளிவாக வாய்க்கவில்லை. ஒரு வங்கியின் வளர்ச்சிக்கோ, ஒரு கடையின் செழிப்புக்கோ, ஒரு மாணவரின் மதிப்பெண்ணுக்கோ பக்கத்தில் அப்படி ஓர் எண் எழுதப்படுமானால், புகழ்ச்சிகளும் பழிகளும் இடம் மாறிப்போகும். படுகையின் மக்கள் கருவியில்லாமல், வருஷத்தைக் கேட்டுத் தோராயமாகச் செய்துவந்தது ஏறத்தாழ இதே வேலைதான். அதே 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் பிரவீன் இறுதிச் சுற்றை எட்டவில்லை. அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார். ஒரே ஆண்டுக்குள் இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டு, ஆள் மாறிவிட்டான் என்று ஊரில் யாரும் தீர்ப்பெழுதாததற்குக் குறுவை பொய்த்த ஆண்டிலேயே சம்பா கைகொடுப்பதைக் கண்டு பழகிய பொறுமை காரணமாக இருக்கக்கூடும்.

கபடி அதைவிடவும் இந்த மண்ணோடு நெருங்கியது. அறுவடை முடிந்த வயலே அதன் பழைய களம். பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் போட்டி நடப்பது அதனால்தான். தஞ்சை மாவட்டத்தின் திருச்சானம்பூண்டியில் 1975-இல் பிறந்த தர்மராஜ் சேரலாதன், ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்பும் வயதில்தான் நாடறிந்த மனிதரானார். 2014-இல் தொழில்முறைக் கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 39. 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பையை வென்றபோது 41. அதே ஆண்டு அகமதாபாதில் ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பை பெற்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அவருடைய திறமை 2016-இல் பிறந்ததன்று. அதைக் காட்டும் மேடைதான் 2014-இல் பிறந்தது. அவருக்கு 10 ஆண்டுகள் முன்பு பிறந்து, அதே அளவு கால்பிடி வல்லமையோடு மண்தரையில் ஆடி, மின்விளக்கும் தொலைக்காட்சியும் வருமுன் முழங்கால் தேய்ந்து ஒதுங்கிய ஆட்டக்காரர்கள் படுகையின் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. ஊர்க்காரர்கள் அவர்களுடைய பெயரைச் சேரலாதனின் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள். எந்த வருஷம் என்ற கேள்வி இங்கே, வெல்லாதவர்களையும் மறக்காமல் வைத்துக்கொள்ளும் வழியாகிவிடுகிறது.

மன்னார்குடி அருகே உள்ள வடுவூரில் இந்தப் பேச்சு இன்னும் ஒரு படி முன்னே போயிருக்கிறது. விளையாட்டுக்குப் பெயர்போன அந்த ஊரின் இளைஞர் ஒருவர், 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். இத்தகைய ஊர்களில் ஒரு பதக்கத்தைப் பற்றிப் பேசும்போது, எந்த வருஷம் என்பதோடு, யார் சேர்த்துவிட்டது, யார் களம் போட்டது, வெளியூர்ப் போட்டிக்கு வண்டிச் சத்தம் யார் கொடுத்தது என்ற கேள்விகளும் கேட்கப்படுகின்றன. வண்டிச் சத்தம் என்பது வாடகை. விடையாக வரும் பெயர்கள் உடற்கல்வி ஆசிரியருடையவை, பழைய ஆட்டக்காரருடையவை, வேலைக்குப் போய்விட்டு மாலையில் தம்பிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அண்ணன்களுடையவை, பால் விற்ற காசில் காலணி வாங்கித் தந்த தாய்மாருடையவை. அவர்களில் திண்ணையில் உட்கார இடம் கிடைக்காத குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். நெல்லைப் பற்றிய பேச்சில் விடுபட்டுப்போன கைகள் கபடியைப் பற்றிய பேச்சில் பெயரோடு வந்து சேர்கின்றன. நெல் மூட்டையின் விலையைப் பேசும்போதும் வங்கியின் நூற்றாண்டைப் பேசும்போதும் இதே கேள்விகளை அதே ஊர்க்காரர்கள் கேட்கத் தொடங்கினால், நாற்று நட்டவர் யார், கணக்கு எழுதியவர் யார், வட்டி கட்டியவர் யார் என்பதற்கெல்லாம் விடை சொல்லக்கூடியவர்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.